கண் மருத்துவ முதுநிலைத் தேர்வும் தமிழ்ச் சொல்லும்

தோற்றுவாய்

மருத்துவக் கல்வியின் வரலாறு மருத்துவர்க்கே உரியதெனக் கருதித் தமிழாராய்ச்சியாளர் அதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கண் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் வேண்டும் மாணவர் எழுத்துத் தேர்வுக்கு ஆங்கிலத்தில் விடை வரைகின்றார். செய்முறைத் தேர்விலோ, திண்டுக்கல் சமவெளியிலிருந்து வந்த உழவர் ஒருவரைத் தமிழில் வினவி, அவர் கூறும் நோய் வரலாற்றைத் தேர்வாளர்முன் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கின்றார். இவ்விரு மொழிகட்கும் இடையே இழப்பு நேருமாயின், அஃது எத்தகையது, யாரைத் தாக்குவது என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

எழும்பூர் மரபு

இலண்டனில் மூர்ஃபீல்ட்சு கண் மருத்துவமனை 1805-இல் தோன்றியது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1819-இல், கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை இராயப்பேட்டையில் ஒரு கண் மருத்துவ நிலையத்தை நிறுவினர். பிற்காலத்தில் எழும்பூரில் நிலைபெற்ற அரசினர் கண் மருத்துவமனை அதன் வளர்ச்சியே ஆகும். அக்காலத்திலேயே தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி (1798-1832) கண்ணோயாளர் சிலரின் வரலாறுகளை ஓவியங்களுடன் எழுதுவித்தார். அவை சரசுவதி மகாலில் பேணப்பட்டுள்ளன. நோயாளரின் வரலாற்றை முறையாகப் பதிவு செய்தலே இன்றைய செய்முறைத் தேர்வுக்கும் அடிப்படை என்பது கருதத்தக்கது.

எழும்பூரில் பணியாற்றிய இராபர்ட் என்றி எலியட், கண்ணழுத்த நோய்க்குத் துளையிடும் அறுவை முறையை 1909-இல் கையாண்டு புகழ்பெற்றார். நாட்டு மருத்துவர் ஊசியாற் புரையைத் தள்ளும் முறையினால் விளைந்த கேடுகளை ஆராய்ந்து 1917-இல் இலண்டனில் சொற்பொழிவும் ஆற்றினார். அவர் பெயரால் அமைந்த பள்ளி கண் மருத்துவக் கல்விக்கு நிலைக்களன் ஆயிற்று.

மதுரையும் திண்டுக்கல்லும்

இம்மரபில் வந்தவருள் கோ. வேங்கடசாமி (1918-2006) குறிப்பிடத்தக்கவர். சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பணியில் இருந்த அவரை முடக்குவாதம் தாக்கியது, விரல்கள் கோணின. மகப்பேறு மருத்துவராக வேண்டுமென்னும் கருத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்தைப் பயின்றார். 1951-இல் பட்டயமும் 1954-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். நுண்கருவி பிடிக்கும் திறனே வேண்டற்பாலதாகிய துறையில், கோணிய விரல்களையே பழக்கித் தேர்ந்தமை வியப்புக்குரியது. 1954-இல் தோன்றிய மதுரை மருத்துவக் கல்லூரியில் 1956 முதல் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தார்; ஓய்வு பெற்ற 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது பின்னர் முதுநிலை மாணவர் பயிலும் இடமாகவும் வளர்ந்தது.

திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆதலின் இவ்வூர்ச் சமவெளியில் வாழும் உழவரும் சின்னாளபட்டி நெசவாளரும் உயர் கண் மருத்துவத்திற்கு மதுரையை நாடியதும், அங்குப் பயின்ற மாணவர்க்கு அவர்தம் கண்களே பாடமானதும் இயல்பு. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 சனவரித் திங்களிலேதான்.

சொல்லும் நோய்த்தேர்வும்

கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என வகுத்தல் சித்த மருத்துவ மரபு. மக்கள் வழக்கும் சொல்வளம் உடையது. நாற்பது வயதளவில் அண்மைப் பார்வை குன்றுதலை ‘வெள்ளெழுத்து’ என்றும் ‘சாளேசரம்’ என்றும் கூறுவர். பின்னது நாற்பதைக் குறிக்கும் வடநாட்டு மொழிச் சொல்லின் திரிபு. கருவிழியில் தழும்பு வெண்மையாகத் தோன்றின் ‘பூ விழுந்தது’ என்பர். ஆயின் முதிர்ந்த புரையையும் அவ்வாறே கூறுவாருளர். இவ்விரண்டையும் வேறுபடுத்தி வினவாத மாணவர் நோயைப் பிறழ உணர்வர்.

‘மாலைக்கண்’ என்று குழந்தையின் தாய் கூறின் உயிர்ச்சத்து ஏ குறைவை எண்ணுதல் வேண்டும். அச்சொல்லையே இளைஞர் கூறின் விழித்திரை நோயை எண்ணி, பெற்றோர் உறவுமுறையில் மணந்தவரோ என வினவுதல் வேண்டும். சொல் ஒன்றே, நோய் இரண்டு.

கருவிழிப் புண் இதனினும் கொடியது. 1996-இல் வெளிவந்த ஆய்வொன்று, மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் பதினாயிரவருள் ஏறத்தாழ 11 பேர் அந்நோய்க்கு ஆளாவதாக மதிப்பிட்டது. நெல்லுமியோ முள்ளோ பட்ட கண்ணில் பூஞ்சை பற்றுதல் இந்நிலப்பகுதியில் மிகுதி. அதனை உணராது அழற்சி தணிக்கும் இசுடீராய்டு துளிமருந்தை இடின் நோய் முற்றும்; பார்வை அழியவும் கூடும். என்ன விழுந்தது, வீட்டில் தாய்ப்பாலோ இலைச்சாறோ ஊற்றினரோ என்பனவற்றை நோயாளரின் மொழியில் கேட்டறியாதவர், எத்துணை நூல் கற்றாராயினும், முதற் சான்றை இழந்தவரே ஆவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், முதுநிலைத் தேர்வு அளப்பது நூலறிவை மட்டுமன்று, செவிப்புலனையும் என்பது புலனாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி (1924-1936) மக்களின் நோய்ச்சொற்கள் பலவற்றைத் தொகுத்துத் தந்துள்ளது. அவை இன்று எவ்வட்டாரத்தில் எப்பொருளில் வழங்குகின்றன என்பதைத் தமிழ்த்துறையினர் மருத்துவருடன் கூடி ஆராய்ந்து, மாணவர்க்குக் கைந்நூலாக அளித்தல் வேண்டும். மொழியாராய்ச்சி ஒருவர் கண்ணைக் காக்கவும் துணையாகுமெனின், அதனினும் சிறந்த பயன் வேறு யாதுளது?