பொழுது பார்க்காத விதை

குத்தம்பாக்கத்தில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற நமக்கு அது உறைப்பதே இல்லை. பயிருக்கு உறைக்கும். பழைய சம்பா ரகங்களைச் சற்று முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், பகல் குறுகுகிற ஐப்பசி கார்த்திகை வரை பொறுத்திருந்துதான் கதிர் தள்ளும். தஞ்சைப் பக்கம் குறுவை நெல்லையும் ஒட்டடன் நெல்லையும் சேர்த்து விதைப்பார்கள். குறுவை அறுவடையாகி வீடு சேர்ந்த பிறகும் ஒட்டடன் தன் காலத்துக்காக வயலிலேயே நிற்கும்.

கஞ்சாச் செடியும் அந்த இனம்தான். பகல் நீண்டிருக்கும்வரை இலையும் தண்டுமாக வளரும். இரவு நீளத் தொடங்கினால் பூக்கும். செடிகள் பகலின் நீளத்தை அறிகின்றன என்ற உண்மையே முதலில் பிடிபட்டது இந்தச் செடியிடமிருந்துதான் என்பது பலருக்குத் தெரியாது. 1912-ல் பிரான்சில் ஜூலியன் தூர்ன்வா என்ற ஆய்வாளர், குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் முளைத்த சணல்கஞ்சாவும் ஹாப் செடியும் சின்னஞ்சிறிதாக இருக்கும்போதே பூத்துவிடுவதைக் கவனித்தார். காரணம் குறுகிய பகல் என்று சோதித்துச் சொன்னார். முதல் உலகப் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1920-ல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து அந்த விதியை முழுதாக நிறுவினார்கள். பாடநூல்களில் இருப்பது இவர்கள் பெயர். தூர்ன்வாவுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கஞ்சாக் குடும்பத்தில் ஒரு கிளை மட்டும் பொழுது பார்ப்பதையே விட்டுவிட்டது. 1924-ல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி, தென்கிழக்கு ரஷ்யாவின் பாதையோரங்களிலும் தரிசுகளிலும் குட்டையாக வளர்ந்த காட்டுச் செடிக்கு ருடெராலிஸ் என்று பெயர் வைத்தார். அந்த வட நிலத்தில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீளும். இரவு நீளட்டும் என்று காத்திருக்கும் செடி, விதை முற்றுமுன் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். வயதை மட்டும் கணக்கில் வைத்து, முளைத்த சில வாரங்களில் பூத்த செடிகளே அங்கே விதை விட்டுத் தப்பின. ஆட்டோஃபிளவர் என்று இன்று விற்கப்படும் கஞ்சா விதையின் பூர்வீகம் அந்தக் குளிர்தான்.

போதைச் சத்து மிகக் குறைவு என்பதால் ருடெராலிஸை வெகுநாள் யாரும் மதிக்கவில்லை. பிறகு வளர்ப்பாளர்கள் அதை வீரியமான ரகங்களோடு ஒட்டினார்கள். பொழுது பார்க்காத குணம் ஒடுங்கு பண்பு என்பதால் முதல் தலைமுறையில் அது பெரும்பாலும் வெளிப்படாது. அடுத்த தலைமுறையில் தேடிப் பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கி, 2000-களின் தொடக்கத்தில் புனைபெயருக்குள் இருந்த ஒரு வளர்ப்பாளர் சந்தைக்கு விட்டது லோரைடர். முழங்கால் உயரச் செடி, இரண்டு மாதச் சொச்சத்தில் அறுவடை. ஜன்னல் ஓரத்திலும் அலமாரிக்குள்ளும் மறைத்து வளர்க்க அது கச்சிதமாகப் பொருந்தியது. குளிருக்குப் பயந்து பிறந்த குணத்தைப் போலீசுக்குப் பயந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

விதை பார்க்கச் சாதுவானது. கொத்தமல்லி விதை அளவு, சாம்பல் நிற ஓடு, மேலே பழுப்பு வரிகள். அதை வாங்குகிற புதியவருக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: இது தானாகப் பூக்கும், விளக்கு நேரத்தை மாற்ற வேண்டாம், ஆரம்பக்காரருக்கு ஏற்றது. பாதி உண்மை. சாதாரண ரகம் நோயிலோ வாட்டத்திலோ பின்தங்கினால், பகலை நீட்டி அதற்கு இன்னும் ஒரு மாதம் கொடுக்கலாம். இதற்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் இரண்டு வாரத்தில் தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறினாலும், தொட்டி மாற்றும்போது வேர் அறுந்தாலும், நான்காவது வாரம் கணுக்களில் வெள்ளை முடிகள் வந்தே தீரும். சாண் உயரத்தில் நின்றபடி செடி பூக்கத் தொடங்கிவிடும். கடிகாரத்தை நிறுத்த யாராலும் முடியாது. இதில் நம் ஊர் வெக்கை வேறு. மூடிய அறைக்குள் எல்இடி விளக்கும் எரிந்தால் சித்திரையில் அது அறையா அடுப்பா என்று தெரியாது. ஐப்பசி ஈரத்தில் நெருக்கமான பூக்கொத்து உள்ளிருந்தே பூஞ்சணம் பிடித்து அழுகும்.

குத்தம்பாக்கம் நிற்பது 13 டிகிரி அட்சரேகையில். இங்கே பகல் ஒருபோதும் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ரஷ்யாவின் வோல்காக் கரையில் உயிர் காத்த அந்தக் குணத்துக்கு இந்த மண்ணில் காப்பாற்ற எதுவும் இல்லை. வெயில் ஆண்டு முழுவதும் இலவசம். காசு கொடுத்து விளக்கெரித்து அறைக்குள் வளர்ப்பதற்கு இங்கே ஒரே காரணம், மறைப்பது.

அதே குணம் நெல்லில் ஏறி இதே வட்டாரத்துக்குப் பட்டப்பகலில் வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் லாஸ் பான்யோஸில் 1962-ல் ஒட்டு சேர்த்து 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர்.8, எந்தப் பட்டத்தில் நட்டாலும் ஏறக்குறைய 130 நாளில் முற்றியது. பின்னாளில் ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி.36-க்கு 110 நாள் போதும். திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஏரித் தண்ணீரைப் பார்த்து மூன்று பட்டமும் நடவு செய்ய முடிவதில் இந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கஞ்சாவில் பொழுதுணர்வு அற்றுப்போனதற்கு பி.ஆர்.ஆர்.37 என்ற மரபணுவில் நேர்ந்த பிழை ஒரு காரணம் என்று 2023-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நெல்லில் கதிர் வரும் நாளைத் தீர்மானிக்கும் மரபணுக்களிலும் அதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. ஒன்று களத்துமேட்டுக்குப் போயிற்று, இன்னொன்று கோர்ட்டுக்குப் போகிறது.

கோர்ட் விஷயத்தில் இளைஞர்கள் பலர் தவறான கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை எண்ணித்தான் எனக்குக் கவலை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், பூங்கொத்து இல்லாமல் தனியே இருக்கும் விதையைக் கஞ்சா என்று சொல்லவில்லை. அதனால் பொட்டலம் கைக்கு வந்ததும் துணிச்சல் வந்துவிடுகிறது. ஒரு தொட்டிதானே, சொந்த உபயோகத்துக்குத்தானே என்கிறார்கள். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது சிறு அளவு. தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. செடி வளர்ப்பு தனிக் குற்றம். 20-வது பிரிவில் அதற்குச் சிறு அளவு, பேரளவு என்ற பாகுபாடே கிடையாது. பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஒரே ஒரு தொட்டிக்கும் அதே பிரிவுதான். 2023 ஜூனில் கர்நாடகத்தின் ஷிவமொக்காவில் வாடகை வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் கைதானார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பையனும் உண்டு. இந்தத் தண்டனை அளவு நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் திருந்தும்வரை படிப்பும் வேலையும் போவது அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

உரிமத்தோடு வளர்க்கவும் வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 14-வது பிரிவு, நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதி தரலாம் என்கிறது. உத்தரகாண்ட் போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குக் கீழே உள்ள சணல்கஞ்சாவுக்கு அப்படி அனுமதித்தது. விதையையும் விதை எண்ணெயையும் உணவில் சேர்க்க 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாடு இதை ஆராய்ந்து பார்க்கலாம். போதைச் சரக்கும் போலீசும் என்ற சிக்கல் குத்தம்பாக்கத்துக்குப் புதிதில்லை. 1996-ல் இங்கே ஊராட்சித் தலைவரான பொறியாளர் இளங்கோ ரங்கசாமி எதிர்கொண்டது கள்ளச்சாராயம் பிழைப்பாகிப்போன ஊரை. அவர் போலீசை மட்டும் நம்பாமல் ஊருக்குள் வேறு வேலையைக் கொண்டுவர முயன்றார். மண் கல் அறுத்து ஊர்க்காரர்களே வீடு கட்டினார்கள்.

மறைத்து வளர்த்துப் பிடிபட்ட கஞ்சாச் செடியின் மிச்சப் பயணம் போதைப்பொருள் சட்டத்தின் 52-ஏ பிரிவில் எழுதியிருக்கிறது. அதிகாரி பட்டியல் எடுப்பார். மாஜிஸ்திரேட் முன்னிலையில் படம் பிடித்து, மாதிரி எடுத்து, சான்று வாங்குவார். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். மீதிச் செடி அழிக்கப்படும். படமும் பட்டியலும் வழக்கில் முதன்மைச் சாட்சியமாக நிற்கும்.