சிறைக்கோட்டமும் புதிய எருசலேமும்: ஆலயப் புதுப்பிப்பைக் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார்க் கரையில் நிற்போருக்குக் கட்டடங்களின் நிலையாமையைக் குறித்துத் தனியே உபதேசம் எதுவும் தேவையில்லை. முற்காலச் சோழரின் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினம் இன்று மணலுக்கடியிலும் நீருக்கடியிலும் சிதறிக் கிடக்கிறது. 1960-களில் மத்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை ஒன்றும், வானகிரியில் நீர்த்தேக்கம் ஒன்றும், பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரை ஒன்றும் வெளிப்பட்டன. வாணிபம் செய்தோரும், வேளாண்மை செய்தோரும், தொழுதோரும் எழுப்பியவற்றுள் எஞ்சியவை இவ்வளவே.

இக்கரையோரமாகவே சில கல் தெற்கே சென்றால் தரங்கம்பாடியை அடைகிறோம். தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையின் தொட்டில் அது. அங்கும் கடல் நிலத்தை அரித்துக்கொண்டேயிருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல், எழுப்பப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. இத்தகைய கரையில் ஓர் ஆலயத்தைப் புதுப்பிப்பது என்றால் என்ன? யாருக்காகப் புதுப்பிக்கிறோம்? நமது நாட்டின் பழைய ஆலயங்கள் பலவும் நூற்றாண்டு விழாக்களை முன்னிட்டுப் பழுதுபார்க்கப்பட்டு வரும் இக்காலத்தில், இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது குருமாருக்கும் இறையியல் மாணவருக்கும் பயனளிக்கும் என எண்ணுகிறோம்.

1. புகாரில் ஒரு முன்னோடி

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' என்றொரு பகுதி உண்டு. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை புகார் நகரின் சிறைச்சாலைக்குட் சென்று, அங்குப் பசியால் வாடியோருக்கு உணவளிக்கிறாள். அதனைக் கேள்வியுற்ற சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவுகிறான். அவள் தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றித் தருமாறு வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான். வழிபாட்டிடமும், சமையற்கூடமும், உண்போர் அமரும் கூடமும் அவ்விடத்தில் அமைகின்றன.

காப்பியச் செய்தியை அப்படியே வரலாற்று ஆவணமாகக் கொள்வதற்கில்லை. அது பௌத்த சமய நூல் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் இந்நிலத்தின் மக்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர் என்பது இதனால் புலனாகிறது. ஒரு கட்டடத்தின் தன்மையை அதன் செங்கற்கள் முடிவு செய்வதில்லை. அதற்குள் யார் வரவேற்கப்படுகின்றனர், அங்கு அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பவையே முடிவு செய்கின்றன. சுவர்களை இடிக்காமலே சிறையை அறச்சாலையாக்க இயலும். அவ்வாறே, சுவர்களைப் பொன்னால் வேய்ந்தாலும் அறச்சாலை சிறையாகிவிடக்கூடும்.

2. தரங்கம்பாடியில் எருசலேம்

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிய வணிகர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1701-இல் ஐரோப்பியரின் வழிபாட்டுக்கெனச் சீயோன் ஆலயம் எழுந்தது. 1706 ஜூலை 9-ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்ரிக் புளுட்சோவும் இக்கரையில் இறங்கினர். தமிழ்ச் சபைக்கெனச் சீகன்பால்கு எழுப்பிய சிறு ஆலயம் 1707 ஆகஸ்டு 14 அன்று பிரதிட்டை செய்யப்பட்டது. அதற்கு எருசலேம் என்று பெயர். கோட்டை அதிகாரிகளின் பகையால் 1708-இன் இறுதியில் அவர் சிறையிலடைக்கப்பட்டு நான்கு மாதங்கள் அங்கிருந்தார். புகாரின் சிறைக்கோட்டக் கதையைப் பயின்ற நமக்கு, அக்கரையிலேயே ஒரு மறைப்பணியாளர் சிறைப்பட்டிருந்தது சிந்தனைக்குரியது.

சபை பெருகவே, பெரியதோர் ஆலயம் தேவையாயிற்று. 1717 பிப்ரவரி 9-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11-இல் திறக்கப்பட்டது. நான்கு கைகளும் சமமாக அமைந்த சிலுவை வடிவம் அதற்குரியது. முகப்பில் டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கின் மகுடமும் பெயர்க்குறியும் பொறிக்கப்பட்டன. அரச ஆதரவின் அடையாளத்தைத் தாங்கிய அவ்வாலயத்தின் உள்ளே, திறப்பு விழா நடந்து ஐந்து மாதங்கள் நிறைவுறுமுன், 1719 பிப்ரவரி 23-இல் மறைந்த சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டார்.

அவ்வாலயம் தனித்து நின்ற கட்டடமன்று. அதனைச் சூழப் பள்ளிகள் இருந்தன, அச்சகம் இருந்தது, பொறையாற்றில் காகிதப் பட்டறை இருந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஊராரோடு உரையாடுவதும் அப்பணியின் ஒரு பகுதியாக விளங்கியது. தமிழறிஞரிடம் வினாக்களை அனுப்பி, அவர்தம் விடைகளை மடல்களாகப் பெற்று ஜெர்மானிய மொழியில் பெயர்த்தனுப்பினர். 1713-இல் சீகன்பால்கு எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை ஆலே நகரத்தார் அச்சிட மறுத்தனர். அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அயலாரை அறிந்துகொள்ளும் முயற்சியை அனுப்பிய திருச்சபையே ஐயுற்றது என்பதை இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. சுவருக்குள் ஒரு சுவர்

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் நேர்மையான வரலாறு இத்துடன் நின்றுவிட இயலாது. தரங்கம்பாடி மறைப்பணியின் ஆலயங்களில் உயர்சாதியாரும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தனர். சமமான நான்கு கைகளுடைய சிலுவை வடிவத்தில் கட்டிய மறைப்பணியினராலேயே சமமின்மையை ஆலயத்துக்கு வெளியே நிறுத்த இயலவில்லை.

1733 டிசம்பர் 28-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர், வேளாளர். தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்த உபதேசியாராகிய இராசநாயக்கன் பறையர் சமூகத்தவர். அவருக்கும் பட்டமளிப்பதைப் பற்றி மறைப்பணியாளர் கலந்தாய்ந்தனர். அவர் கையால் உயர்சாதியார் திருவிருந்தைப் பெறமாட்டார் என்ற அச்சத்தால் அது கைவிடப்பட்டது. 1741-இல் தியோகு பட்டம் பெற்றார். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1833-இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் எதிர்த்தனர்; சபையைவிட்டு நீங்கினோரும் உண்டு. எதிர்த்தோருள் நாம் போற்றும் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பதை வருத்தத்துடன் நினைவுகூர்கிறோம். இவற்றை முன்னோரைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆலயத்தின் கூரையும் தளமும் பழுதுபார்க்கப்படலாம். ஆனால் யார் எங்கே அமர்வது என்னும் ஏற்பாடு தொடப்படாமலே விடப்பட்டால், அப்புதுப்பிப்பு பாதியில் நின்றதேயாகும். ஊராருக்குக் கதவைத் திறக்கு முன் உள்ளிருக்கும் சுவரைக் காண நமக்குத் துணிவு வேண்டும்.

4. 2004-ஆம் ஆண்டின் ஞாயிறு

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையில், தரங்கம்பாடியும் பூம்புகாரும் அக்காலத்தில் அடங்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மிகுந்த இழப்புக்குள்ளானது அம்மாவட்டமே. இறந்தோருள் பெரும்பாலோர் கரையோர மீனவக் குடும்பத்தினர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பயணிகளும் பெருந்தொகையாக உயிரிழந்தனர்.

அந்நாட்களில் கோயில்களும், பள்ளிகளும், திருமண மண்டபங்களும், ஆலயங்களும் அடைக்கலக் கூடங்களாயின. நாகூர்த் தர்காவைச் சார்ந்தோர் சாதி சமயம் பாராது அடைக்கலமளித்ததோடு, மாண்டோரை அடக்கம் செய்யத் தம் நிலத்தையும் தந்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்துப் பேணினர். எவ்வகைக் கட்டட வரைபடமும் வகுக்காத ஒரு புதுப்பிப்பு அன்று ஒரே நாளில் நிகழ்ந்தது எனலாம். சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதை, அதே கரையில், பல சமயத்தாரின் கூரைகளின் கீழ் மீண்டும் நடந்தேறியது.

பேரலையால் சேதமுற்ற புதிய எருசலேம் ஆலயம் பழுதுபார்க்கப்பட்டு, சீகன்பால்கு வந்திறங்கிய முந்நூறாம் ஆண்டாகிய 2006-இல் மீண்டும் பிரதிட்டை செய்யப்பட்டது. பின்னர், அவர் வாழ்ந்த இல்லமும் சீர்செய்யப்பட்டு, பண்பாடுகளிடையே உரையாடலை வளர்க்கும் அருங்காட்சியகமாக 2017-இல் திறக்கப்பட்டது. ஆலே நகரின் பிராங்கே நிறுவனமும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் இணைந்து மேற்கொண்ட பணி அது. 1867 வரை அச்சேறாமற் கிடந்த நூலின் ஆசிரியர் வாழ்ந்த வீட்டையே, அந்நூலை மறுத்த ஆலே நகரத்து நிறுவனம் உரையாடலுக்கென அமைத்தது வரலாற்றின் ஒரு திருத்தம் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் இங்கு ஓர் ஆபத்தும் உண்டு. பழமை வாய்ந்த ஊர் என்னும் பெயரால் வெளியூர்ப் பயணிகள் பலர் தரங்கம்பாடிக்கு வருகின்றனர். அவர்கள் கண்களுக்காகவே ஒரு கட்டடம் பேணப்படத் தொடங்கினால், கரையில் வலை உலர்த்துவோருக்கு அது அயலாரின் உடைமையாகிவிடும். முகப்பிலுள்ள மகுடத்தைப் படமெடுப்போர் பலர் இருக்கலாம்; புயலறிவிப்பு வந்த இரவில் அக்கதவைத் தட்டலாம் என்று அண்டை வீட்டார் எண்ணுகின்றனரா என்பதே நமது கேள்வி.

5. யோவாசின் பெட்டி

திருமறையில் ஆலயப் பழுதுபார்ப்பைப் பற்றிய இரு நிகழ்ச்சிகள் நமக்கு ஒளி தருகின்றன. முதலாவது, யோவாஸ் அரசன் காலத்தது (2 இராஜாக்கள் 12). பணம் வந்துகொண்டிருந்தும் இருபத்து மூன்றாம் ஆண்டுவரை ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. அப்பொழுது ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தின் அருகில் வைத்தான். அப்பணம் வெள்ளிக் கிண்ணங்களுக்கோ எக்காளங்களுக்கோ செலவிடப்படவில்லை. தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் சென்றது. வேலை செய்வித்தோர் உண்மையாய் நடந்தமையால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை.

இவ்வுண்மையைக் காவிரி நாடும் கண்டிருக்கிறது. ஐதர் அலியின் படையெடுப்பால் 1780-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கோட்டை பட்டினியால் வாடியது. முன்னர்த் தானியம் தந்தும் விலை பெறாது ஏமாந்த குடியானவர்கள் மீண்டும் தர மறுத்தனர். மன்னர் சுவார்ட்ஸ் ஐயரின் உதவியை நாடினார். அவர் வாக்கை நம்பி மாடுகளும் நெல்லும் கோட்டைக்கு வந்து சேர்ந்தன. அவரும் சொன்னபடியே விலையைக் கொடுத்துத் தீர்த்தார். தஞ்சையில் அவர் எழுப்பிய ஆலயத்தில், சரபோஜி மன்னர் இலண்டனிலிருந்து வருவித்த பளிங்குச் சிற்பம் ஒன்றுண்டு. மரணப் படுக்கையிலுள்ள சுவார்ட்சை மன்னர் காணும் காட்சி அதிற் செதுக்கப்பட்டுள்ளது. சிற்பம் அழகியதே. ஆயினும் அவ்வாலயத்தின் உண்மையான அடித்தளம், நெல் மூட்டையைத் தூக்கி வந்த குடியானவனின் நம்பிக்கையாகும்.

இரண்டாவது நிகழ்ச்சி யோசியாவின் காலத்தது (2 இராஜாக்கள் 22). பழுதுபார்க்கும் வேளையில் இல்க்கியா நியாயப்பிரமாண நூலைக் கண்டெடுத்தான். அதைக் கேட்ட அரசன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். பழுதுபார்ப்பு மறக்கப்பட்ட வார்த்தையை வெளிக்கொணர்ந்து, மனந்திரும்புதலில் போய் முடிந்தது. நமது புதுப்பிப்புகள் பெரும்பாலும் கல்வெட்டில் பெயர் பொறிப்பதில் முடிவடைகின்றன என்பதை எண்ணுகையில் நாம் நாணுகிறோம்.

6. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து, பணியை மேற்கொள்ளும் சபைகளுக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, பழைய சுவர்களை அறிந்தோரைக் கொண்டு பழுதுபார்ப்போமாக. உப்புக் காற்று வீசும் கரையில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய செங்கற்சுவரின்மேல் சிமெண்ட் பூசினால், ஈரமும் உப்பும் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். வெளித்தோற்றத்தை மட்டும் கெட்டியாக்குவது உள்ளிருப்பதை அழிக்கும் என்னும் பாடம் சுவருக்கு மட்டுமன்று, சபைக்கும் பொருந்தும்.

இரண்டாவது, வரைபடம் வகுக்குமுன் அண்டையிலுள்ளோரைக் கேட்போமாக. வகுப்புக்கூடமா, புயற்கால அடைக்கலமா, குடிநீரா, முதியோர் அமரும் திண்ணையா என்பதை அவர்களே சொல்லட்டும். சீகன்பால்கு மடல் எழுதி ஊராரின் விடைகளைக் கேட்டார். நமக்கு அவ்வளவு தொலைவும் இல்லை.

மூன்றாவது, கணக்கைத் திறந்து வைப்போமாக. நான்காவது, சபைக்குள்ளேயே வேற்றுமை நிலவும் இருக்கை, கல்லறைத் தோட்டம், பொறுப்புகள் ஆகியவற்றைப் பணித் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதுவோமாக.

புகாரைக் கடல் கொண்டது. சீகன்பால்கு எழுப்பிய முதல் எருசலேமும் இன்று இல்லை. நாம் புதுப்பிக்கும் ஆலயங்களும் என்றோ ஒருநாள் மணலாகும். ஆனால் இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட இடத்தை அவர் வழிவந்தோருக்கு அளிக்கும் சபையும், வெள்ளம் வந்த நாளில் அயலான் அஞ்சாது நுழையும் கூடமும் கட்டடத்தோடு அழிவனவல்ல. அடுத்த புதுப்பிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுமுன், அவ்விழாப் பந்தலில் யாருடைய இருக்கை வெறுமையாய் இருக்கப்போகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.