ஆயர்

தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதன் தலைவருக்கு வழங்கும் பெயர் 'ஆயர்'. பசுவைக் குறிக்கும் 'ஆ' என்பதன் அடியாகப் பிறந்து, சங்க காலத்தில் முல்லைநில இடையரைச் சுட்டிய சொல் இது. முன்பு கத்தோலிக்கர் 'மேற்றிராணியார்' என்றனர். சீர்திருத்த சபையார் 'அத்தியட்சர்' என்றனர். அகராதிப்படி பின்னதே நேர். மூலச்சொல்லான கிரேக்க 'எபிஸ்கோபோஸ்' மேற்பார்வையாளரைத்தான் குறிக்கும். ஆனால் பேதுருவின் முதல் திருமுகம் (2:25) கிறிஸ்துவை மேய்ப்பர், கண்காணிப்பவர் என இரண்டாகவும் சொல்கிறது. ஆகவே ஆயர் என்பது வழுவல்ல, தேர்வு.

விவிலிய மேய்ப்பன் ஆட்டுக்காரன், தமிழ் ஆயனோ மாட்டுக்காரன் என்பார்கள். கலித்தொகையே ஆடு வளர்த்தோரைப் 'புல்லினத்தாயர்' என்பதால் அது நிற்காது. மக்களை மந்தையாக்கினால் தலைவர் உடைமைக்காரர் ஆகிவிடுவாரே என்ற தடைதான் கனமானது. நடைமுறையில் அப்படி ஆனதும் உண்டு. எனினும் அதே திருமுகம் (5:3) மந்தையை அடக்கியாள்வதை விலக்குகிறது. யோவான் 10ஆம் அதிகாரம் வைக்கும் சோதனையும் வேறு: ஓநாய் வரும்போது கூலியாள் ஓடுகிறான், நல்ல ஆயன் உயிரைக் கொடுக்கிறான். தருமபுரிக்காரருக்கு இது அந்நியமான எண்ணமல்ல. இம்மாவட்டத்து நடுகற்களில் பல, கவர்ந்து செல்லப்பட்ட தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போராடி மாண்டவர்களுக்கு எடுத்தவை. அவ்வீரன் கையில் வில்லோ வாளோ உண்டு. நற்செய்தியின் ஆயனுக்கு அது இல்லை.