மகரம் (இராசி)

மகரம் என்பது இராசி மண்டலத்தின் பன்னிரு வீடுகளுள் பத்தாவதாய்த் தனுசுக்கும் கும்பத்துக்கும் இடையே அமைந்தது. உத்திராடத்தின் பின் மூன்று பாதங்களும், திருவோணம் முழுவதும், அவிட்டத்தின் முன்னிரு பாதங்களும் இதனுள் அடங்குவன. சூரியன் இதனுட் புகும் நாளே தைப்பொங்கல்.

'மகர' என்னும் வடசொல் முதலை, சுறா முதலாய நீர்வாழ் விலங்குகள் பலவற்றை இடத்துக்கேற்பச் சுட்டி வழங்கினும், தமிழர் அதனைச் சுறவமென்றே கொண்டனர். மகரக்கொடியுடைய மன்மதன் தமிழிற் சுறவக்கொடியோன் ஆனதும், தனித்தமிழ் அன்பர் தைத்திங்களுக்குச் சுறவம் எனப் பெயரிட்டதும் இக்கொள்கை பற்றியே. பரதவர் சுறாவின் கொம்பை நட்டுக் கடற்றெய்வத்தை வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. கொம்புடைய சுறா யாதெனின், மூக்கு வாள்போல் நீண்ட வேளா மீனே அஃதென்க. பௌத்த விகாரைகளின் மகர தோரணத்திற் காணப்படும் துதிக்கையும் கோரைப்பல்லும் சிற்பியரின் கற்பனையாதலின், பெயராராய்ச்சிக்கு அவை உதவுவன அல்ல.

பாபிலோனியர் வானில் இவ்விராசியிடத்தே முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமாய ஓர் உருவைக் கண்டு, அதனை நீர்த்தெய்வமாகிய ஏயாவுக்கு உரியதாக்கி, எல்லைக்கற்களிலும் பொறித்தனர். அவ்வுருவை ஏற்ற யவனர் ஆட்டுக்கொம்பை மட்டும் பெயரிற் கொண்டு 'ஐகோகெரோஸ்' என்றனர். வராகமிகிரரின் பிருகஜ்ஜாதகத்தில் 'ஆகோகேரம்' எனத் திரிந்து நிற்பது அச்சொல்லே. அரபியரோ மீனை அறவே விடுத்து, வெள்ளாட்டுக்குட்டி எனப் பொருள்படும் 'ஜத்யு' என்னும் பெயரை வழங்கி, இதன் தலைப்பக்கத்து இரு விண்மீன்களைச் சந்திரனின் இருபத்திரண்டாம் மன்ஸில் என்னும் தங்குமனையாக்கி, 'சஃதுத் தாபிஹ்', அதாவது அறுப்போனின் நற்பேறு, என்றனர். ஆகவே, இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் ஒரே வானத்தை அண்ணாந்து நோக்குவோருள், அரபு நூல் கற்ற மௌலவிக்கு ஆட்டுக்குட்டியாவது அயலூர்ப் பஞ்சாங்கக்காரருக்குச் சுறாவாகின்றது.

அக்கரையின் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட காரைதீவில் 1892-இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947-இல் வெளிவந்த தம் யாழ்நூலிற் பன்னிரு இராசி வீடுகளை இசைநிரலுக்குக் களமாக்கியதோடு, மகரயாழின் இயல்பையும் ஆராய்ந்துள்ளார்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்தராயணத் தொடக்கத்திற் சூரியன் நின்ற இடம் மகரமாதலின் தென்கோடி வெயிற்கோடு மகரரேகை எனப்பட்டது. அயனசலனத்தால் அத்தொடக்கம் இன்று தனுசு உடுக்கூட்டத்தில் நிகழ்கின்றது. சர்வதேச வானியற் சங்கத்தார் 1922-இல் ஏற்ற 88 உடுக்கூட்டங்களுள் மகரமும் ஒன்று.