ஏரியலும் எர்த்தும்

சென்னைக்கு ரேடியோவைக் கொண்டுவந்தவரும் நம்மைப் போல ஒரு பொறியாளர்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பித்தது. 1927-இல் பணமில்லாமல் நின்றது. 1930-இல் மாநகராட்சி தொடர்ந்தது; 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி வந்தது.

அந்நாளைய வால்வு ரேடியோவுக்கு மாடியில் ஏரியல், தோட்டத்தில் எர்த். பாரிவாக்கத்தில் எங்க தாத்தா குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாராம். காய்ந்த மண் மின்சாரத்தை லேசில் வாங்காதே!

ஹாம் லைசென்ஸ் எடுத்ததும் நானும் அதே மாடியில் ஆன்டெனா நட்டேன். 28 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம், சுமார் 2.6 மீட்டர். அதற்குத் தனி எர்த் அடித்தேன்; வீட்டு எர்த்தோடு இணைக்கவில்லை. ஒரு ஐப்பசி மழையில் பக்கத்தில் இடி விழுந்தது. இரண்டு எர்த்துக்கும் இடையே எழுந்த வோல்டேஜ் செட் வழியே பாய்ந்தது. செட் போச்சு!

இப்போது இரண்டையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்திருக்கிறேன். வானம் கறுத்தாலே ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுகிறேன். கல்லூரியில் படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதினேன், வீட்டில் மறந்துட்டேன்.