எல்லா வீட்லயும் கழிப்பறை இருந்தா அது சுத்தமான கிராமமா? எப்படி மதிப்பிடுறாங்க?

வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியாச்சு. 'திறந்தவெளியில் மலம் கழித்தல் இல்லாத கிராமம்'னு போர்டும் வச்சாச்சு. ஆனா ஏரிக்கரைப் பக்கம் போனா மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு. எப்படி? ஆய்வுக்கு வர்றவங்க எதை எண்ணுறாங்க, எதை விட்டுடுறாங்க என்பதில்தான் விஷயமே இருக்கு.

ஒரே ஆண்டு, இரண்டு கணக்கு

தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2-ல் தொடங்கியது. 2018 இறுதியில், கழிப்பறை உள்ள ஊரகக் குடும்பங்கள் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டன என்றது திட்டத்தின் கணக்கு. அதே 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் வீடு வீடாகப் போய்க் கேட்டது. கிடைத்த விடை 71.3 சதவீதம்தான். சலுகை கிடைக்கும்னு நினைச்சு சிலர் 'இல்லை'னு சொல்லியிருக்கலாம் என அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. அப்படியே இருந்தாலும் இடைவெளி சின்னது இல்லை.

இப்போ என்ன பார்க்கணும்?

2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 'ஓ.டி.எஃப். பிளஸ்' என்று மூணு படி வச்சிருக்காங்க. கழிப்பறைப் பயன்பாட்டோட குப்பை அல்லது கழிவுநீர், ரெண்டுல ஒண்ணுக்கு ஏற்பாடு இருந்தா முதல் படி. ரெண்டுமே இருந்தா அடுத்தது. அதோட தெருவில் குப்பையோ தேங்கிய தண்ணீரோ பெரிசா இல்லாம, விழிப்புணர்வு வாசகங்களும் எழுதியிருந்தா 'மாடல்' கிராமம்.

குழிக்குள்ள யார் பார்ப்பாங்க?

கழிப்பறை இருக்கானு டிக் அடிக்க ரெண்டு நிமிஷம் போதும். குழியைப் பார்ப்பதுதான் கஷ்டம். இரட்டைக் குழி முறையில் ஒண்ணு நிறைஞ்சதும் கழிவை அடுத்த குழிக்குத் திருப்பிடணும். மூடிய குழியை ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே விட்டா உள்ளே இருப்பது மக்கி உரமாகிடும். ஆனா பல வீடுகள்ல இருப்பது ஒற்றைக் குழி, இல்லைன்னா செப்டிக் டேங்க். டேங்க் நிறைஞ்சா லாரி வரும். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுது? ஓடையிலயும் வயல் ஓரத்துலயும் கொட்டினா, கழிப்பறை கட்டியும் மலம் திறந்தவெளிக்குத்தான் வருது. லாரி வராத ஊர்ல ஆளை இறக்குவாங்க. பாதுகாப்புக் கருவி இல்லாம அப்படி இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது.

தண்ணீர் காட்டிக் கொடுக்கும்

குழி கசியுதானு தெரிஞ்சுக்க கிணறு, கைபம்பு தண்ணீரைச் சோதிக்கலாம். எச்.டூ.எஸ். பாட்டில்ல தண்ணீரை ஊத்தி ஒண்ணு, ரெண்டு நாள் வச்சா போதும். கறுப்பா மாறினா மலக் கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து ஆய்வகச் சோதனை செய்யணும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரணும். உங்க ஊர்ல அந்த 5 பேர் யார்னு ஊராட்சியில கேட்டுப் பாருங்க.

கேள்வி கேட்க இடம் இருக்கா?

இருக்கு. கிராமத்தை ஓ.டி.எஃப். பிளஸ்னு அறிவிக்க கிராம சபையில் தீர்மானம் போடணும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். தீர்மானத்தை வாசிக்கும்போது, லாரி எங்கே கொட்டுது, கடைசியா எப்போ தண்ணீரைச் சோதிச்சாங்கனு கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிட்டு கையெழுத்து போடுங்க.