பத்து, ஒன்பது, எட்டு

பள்ளிச் சுவரிலும் ரயில் நிலையத்திலும் 1098 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதை ‘ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு’ என்று படித்தால் அதன் கதை பிடிபடாது. பத்து, ஒன்பது, எட்டு என்று படிக்க வேண்டும்.

1990களில் ஜெரூ பில்லிமோரியா மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப் பணி கற்பித்துவந்தார். தெருவோரப் பிள்ளைகள் தங்கும் இரவுக் காப்பகங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் போவார். பழகிய பிள்ளைகளிடம் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவசரம் என்றால் கூப்பிடச் சொன்னார்.

கூப்பிட்டார்கள். அதுவும் ஊர் அடங்கிய பிறகு. அடிபட்டவன், காய்ச்சலில் கிடப்பவன், யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தவன் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன.

நகரத்தில் உதவிக்குப் பஞ்சமில்லை என்பது அவருக்குத் தெரியும். மருத்துவமனை, காப்பகம், தொண்டு நிறுவனம், காவல் நிலையம் எல்லாமே இருந்தன. ஆனால் நடுராத்திரியில் ஒரு பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாது. தட்டினாலும், பெரியவர் துணை இல்லாத பிள்ளைக்கு அது எளிதில் திறக்காது. அத்தனை கதவுக்கும் பொதுவாக ஒரு மணி வேண்டியிருந்தது.

அதற்காகத் தொலைபேசித் துறையின் படியேறினார். கையில் காசில்லாத பிள்ளையும் பேச வேண்டும் என்பதால் அழைப்பு இலவசமாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் எண் மனதில் நிற்க வேண்டும். எண்ணைச் சொன்னவர்கள் பிள்ளைகளே: ‘தஸ், நௌ, ஆட்’. பத்திலிருந்து இறங்கும் படிக்கட்டு போன்ற எண் அது. இந்தியில் மட்டுமல்ல, எந்த மொழியில் சொன்னாலும் அப்படியே இறங்கும்.

1996 ஜூனில் மும்பையில் ‘சைல்ட்லைன்’ தொடங்கியது. அழைப்பை எடுக்கவும், பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஓடவும் தெருவில் வளர்ந்த இளைஞர்களே பயிற்சி பெற்றார்கள். எந்த நடைமேடையில் யார் படுப்பார்கள், பயந்த பிள்ளையிடம் முதலில் என்ன பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு மத்திய அரசு கைகொடுத்தது. 1999இல் சேவையை நாடு முழுதும் பரப்ப ‘சைல்ட்லைன் இந்தியா ஃபவுண்டேஷன்’ உருவானது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் இந்தச் சேவைக்கு வரையறையே இடம்பெற்றது. 2023இல் பொறுப்பு அரசுகளின் கைக்கு மாறி, சேவை 112 அவசர உதவி எண்ணோடு இணைக்கப்பட்டது. நடத்துபவர் மாறினாலும் எண்ணை யாரும் மாற்றவில்லை.

பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. கடையில் வேலை வாங்கப்படும் சிறுவனைப் பார்த்தவர், குழந்தைத் திருமணப் பேச்சு காதில் விழுந்தவர், பேருந்து நிலையத்தில் தனியே அழும் குழந்தையைக் கண்டவர் என யாரும் அழைக்கலாம். இப்படி மீட்கப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். வீட்டுக்கா, காப்பகத்துக்கா என்பதை அந்தக் குழு முடிவு செய்யும்.

உங்கள் வீட்டுக் குழந்தை எழுதப் பழகும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணத் தெரிந்ததுமே 1098ஐச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக, பிள்ளைகளே தேர்ந்தெடுத்த எண்தானே இது.